மொறிஸ் மைனரில் எஞ்சின் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பொடி (காரின் உடல்) நல்லது, எஞ்சின் முடிந்துவிட்டது என்று ஒரு மொறிஸ் மைனர் கார். எஞ்சின் நல்லது, தரையைக் கறள் தின்றுவிட்டது என்று இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி ஒன்றாக்குவது யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் பழகிய வேலைதான். அதிகம் வருவது 948 சிசி காருக்குள் 1962க்குப் பிந்திய 1098 சிசி எஞ்சினைப் பூட்டும் வேலை. இங்கே எழுதியிருப்பது அதை வைத்துத்தான். பூட்டும் முறையை எழுதவில்லை. பூட்டி முடித்த பிறகு கார் தரும் தொல்லைகளை மட்டும் எழுதுகிறேன்.

ஏதாவது பிழைத்தால் எல்லோரும் முதலில் புது எஞ்சினைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இல்லை. கழற்றிப் பூட்டிய இடங்களில் இருக்கும். அல்லது ஒரு செட்டில் பாதியை எடுத்து மற்றப் பாதியை விட்டிருப்பார்கள். எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை.

ஆகவே கோளாறு தேடப் போகுமுன் காருக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் உள்ள தகட்டில் எஞ்சின் இலக்கம் இருக்கும். ஏபிஎச்எம் என்று தொடங்கினால் 803 சிசி. ஏபிஜேஎம் அல்லது 9எம் என்றால் 948. 10எம்ஏ என்றால் 1098. கியர்பொக்ஸுக்கு இலக்கம் தேவையில்லை. காருக்கு அடியில் கையை விட்டு உறையைத் தடவுங்கள். 1098இன் உறையில் விலா எலும்பு போல வரிகள் தட்டுப்படும், பழையவை வழுவழுப்பாக இருக்கும். கிளச் 948க்கு 6¼ அங்குலம், 1098க்கு 7¼ அங்குலம். எஞ்சின், அதன் பின்தகடு, பிளைவீல், கிளச், கியர்பொக்ஸ், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே காரிலிருந்து வந்திருந்தால் பாதித் தொல்லை வரவே வராது.

எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும், அது எந்தக் காரிலிருந்து வந்தது என்ற விபரத்தையும் எறிந்துவிடாதீர்கள். பிறகு காரை விற்கப் போகும்போது அது இல்லாமல் அலைய வேண்டிவரும்.

## ஸ்டார்ட்டர் முனகுகிறது, அல்லது அசையவே இல்லை

சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். எர்த் பட்டி பூட்டப்படவில்லை.

மைனரின் எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுண்டில் இருக்கின்றன. அவற்றுக்கும் பொடிக்கும் சரியான மின்தொடர்பு கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் அந்தப் பின்னிய பட்டி ஒன்றுதான். கழற்றும்போது அதைக் கழற்றுவோம், பூட்டும்போது அது எங்கோ ஒரு டப்பாவுக்குள் கிடக்கும். அப்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் சோக் கேபிளும் அக்சிலரேட்டர் கேபிளும் வழியாகத் திரும்பப் பார்க்கும். இரண்டு மூன்று தரம் இழுத்தால் போதும், கேபிளின் உறை புகையும், உள்ளே கம்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு சோக்கை இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது.

பட்டி இருக்கிறது, ஆனாலும் சந்தேகம் என்றால் ஜம்ப் வயரின் ஒரு முனையை பிளாக்கிலும் மறுமுனையை பொடியின் வெறும் இரும்பிலும் கடிக்க வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் உடனே உயிர் பெற்றால் பட்டியின் இரண்டு முனையையும் சுரண்ட வேண்டும். எஞ்சின் வெளியே இருக்கும்போது குறுக்குச் சட்டத்துக்கு அழகாகப் பெயின்ற் அடித்திருப்பீர்கள். அந்தப் பெயின்ற்தான் கரண்டைத் தடுக்கிறது. மீற்றர் வைத்திருப்பவர்கள் பிளாக்குக்கும் பற்றரியின் எர்த் முனைக்கும் இடையில் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். அரை வொல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எர்த் சரி என்றால்:

- பற்றரியின் திசை. மைனர் பொசிட்டிவ் எர்த். டோனர் காரில், அதாவது எஞ்சின் எடுத்த காரில், யாராவது ஒல்ரனேற்றர் போட்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தால், இரண்டு காரின் பாகங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எதை வைத்திருக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுத்து, முழுக் காரையும் அதற்கு மாற்றுங்கள். டைனமோவை வைத்துத் திசையை மாற்றினால் அதற்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். டைனமோவின் எப் (F) முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் எப் முனையை ஒரு நொடி தொட்டு எடுங்கள்.
- ஸ்டார்ட்டரின் பல் பிளைவீலில் சிக்கியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பின்பக்கம் தண்டின் முனை சதுரமாக இருக்கும். ஸ்பனர் போட்டுத் திருப்பினால் விடுபடும். திரும்பத் திரும்பச் சிக்கினால் அது வேறு எஞ்சினின் ஸ்டார்ட்டராக இருக்கலாம். எஞ்சினோடு வந்ததையே பூட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஓட்டோ எலெக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.

## சுற்றுகிறது, பற்றவில்லை

சாவியைத் திருப்பிக் காது கொடுங்கள். எஸ்யூ பெற்றோல் பம்ப் வேகமாக டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்க வேண்டும்.

### பம்ப் அடிக்கவே இல்லை

ஸ்பனரின் பிடியால் பம்பை மெல்லத் தட்டுங்கள். அடிக்கத் தொடங்கினால் உள்ளே பொயின்ற் (கரண்டைத் தொட்டு விடும் முனைகள்) கருகியிருக்கிறது. மூடியைக் கழற்றி, தடித்த காகிதத்தைப் பொயின்றுக்கு இடையில் விட்டு இழுத்துத் துடைத்தால் கொஞ்சக் காலம் ஓடும். தட்டியும் அடிக்கவில்லை என்றால் பம்புக்கு வரும் வயரையும் பம்பின் எர்த்தையும் பாருங்கள்.

### பம்ப் அடித்துக்கொண்டே இருக்கிறது

பெற்றோல் வரவில்லை, காற்றை இழுக்கிறது. டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாய் இணைப்புகளைப் பாருங்கள். நெடுநாள் நின்ற காரென்றால் டாங்கின் அடியில் கறள் சேறாக இருக்கும். பெற்றோல் பொங்கி வழிந்துகொண்டு பம்ப் அடிக்கிறது என்றால், காபரேற்றரின் மிதவை ஊசியில் அழுக்கு.

### பெற்றோல் இருக்கிறது, தீப்பொறி இல்லை

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி பொயின்ற் இடைவெளியை 15 தௌவுக்கு (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வையுங்கள், அதாவது 0.38 மில்லிமீற்றர். பிறகு பொயின்றின் சிறிய வயரைப் பாருங்கள். அதன் காப்புறை தேய்ந்து தகட்டில் தொட்டால் தீப்பொறி வராது. எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது இந்த வயர் அடிபடுவது வழக்கம்.

### தீப்பொறி இருக்கிறது, காபரேற்றர் வழியாக வெடிக்கிறது

பிளக் வயர் ஒழுங்கு தவறியிருக்கிறது. பற்றும் ஒழுங்கு 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. அது சரியாக இருந்தும் வெடித்தால், டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் தண்டை யாரோ கழற்றி அரைச் சுற்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உறுதிப்படுத்த, ரொக்கர் மூடியைக் கழற்றி, 4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கும் நிலைக்கு எஞ்சினைக் கையால் திருப்புங்கள். அப்போது 1ஆம் சிலிண்டர்தான் பற்ற வேண்டும். ரோட்டர் 4ஆம் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தண்டைக் கழற்ற வேண்டியதில்லை. நான்கு வயர்களையும் மூடியில் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினால் எஞ்சின் பற்றும். சிலர் இதைக் குறையாக நினைத்து டைமிங் கவரையே கழற்றுகிறார்கள், தேவையில்லாத வேலை.

ரொக்கர் மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். 12 தௌ. கணக்கு ஒன்பதில் வரும். 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கும்போது 3ஐ, இப்படி இரண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

## கிளச் மிதித்தாலும் கியர் கரகரக்கிறது

முதல் கியருக்கு மைனரில் சிங்க்ரோ (பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் பாகம்) கிடையாது. கார் உருளும்போது முதலாவதுக்குப் போட்டுவிட்டுக் கரகரக்கிறது என்றால் அது கோளாறு அல்ல. நின்ற நிலையிலும், இரண்டாவதுக்குப் போகும்போதும் கரகரத்தால்தான் பார்க்க வேண்டும்.

மிதிபலகையின் வெறும் ஆட்டம் முக்கால் அங்குலம் அளவு இருக்க வேண்டும். கூடினால் கிளச் விடாது, இல்லாமல் போனால் கிளச்சைத் தள்ளும் கார்பன் பெயாரிங் தேய்ந்து தீரும். தண்டில் உள்ள நட்டால் சரிசெய்யலாம். நட்டு முடிவுவரை வந்தும் ஆட்டம் போகவில்லை என்றால் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்துவிட்டன. மைனரின் கிளச்சுக்கு ஒயில் குழாய் இல்லை. மிதிபலகையிலிருந்து பெயாரிங் வரை எல்லாம் இரும்புத் தண்டுகள். கியர்பொக்ஸுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு குறுக்குத் தண்டு ஓடுகிறது. ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் தேய்ந்தால், அதெல்லாம் சேர்ந்து மிதியின் பாதியை விழுங்கிவிடும். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அடியில் படுத்துப் பாருங்கள். எந்த இணைப்பில் தண்டு அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்கிறதோ அங்கே புதிய ஊசி போடுங்கள். செலவு சொற்பம்.

இவை சரியாக இருந்தும் கரகரத்தால் கிளச் தட்டு திருப்பிப் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது 948இன் கிளச்சையும் 1098இன் பிளைவீலையும் கலந்திருக்கலாம். எஞ்சினை மறுபடி இறக்காமல் இதைத் திருத்த முடியாது. தனியாளாக இறங்க வேண்டாம். எஞ்சின் தூக்கும் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

கிளச் விடும்போது கார் உதறுகிறது. எஞ்சின் ஹெட்டிலிருந்து பின்சுவருக்குப் போகும் ஸ்டே கம்பி பூட்டியிருக்கிறதா? இது இல்லாமலே ஓடும் மைனர்கள் நிறைய. அடுத்தது எஞ்சின் மவுண்ட். ஒயில் ஊறிய பழைய ரப்பரை மறுபடி பூட்டாதீர்கள். இரண்டும் நன்றாயிருந்தால் கிளச் தட்டில் ஒயில்.

## கியர் இறுக்கம், காலையில் இரண்டாவது விழ மறுக்கிறது

கியர்பொக்ஸுக்குள் என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று பாருங்கள். மைனரின் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், 20டபிள்யூ-50 ஊற்றலாம், ஏறத்தாழ 1.3 லீற்றர். கியர் ஒயில் 90 பின் அச்சுக்கு உரியது, அங்கே ஏறத்தாழ 0.85 லீற்றர். பெயரைப் பார்த்து 90ஐக் கியர்பொக்ஸில் ஊற்றிவிடுகிறார்கள். வடித்து மாற்றினால் இறுக்கம் போய்விடும். பின் அச்சில் எஞ்சின் ஒயிலை ஊற்றுவது இதைவிட மோசம், டிபரன்ஷல் பல் நாசமாகும். கியர் தானாகக் கழன்று விழுந்தால் மட்டும் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

## ஐந்து கட்டை (மைல்) ஓடியதும் சூடு ஏறுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வருடக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர் குடித்த டோனர் எஞ்சினின் பிளாக்கில், கடைசிச் சிலிண்டரைச் சுற்றி, கறளும் சுண்ணாம்பும் கலந்து கல்லாகியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

1. பிளாக்கில் உள்ள வடிகுழாயைத் திறவுங்கள். தண்ணீர் வராமல் நின்றால் உள்ளே அடைப்பு. குழாயை முழுதாகக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கம்பி விட்டுக் கிளறுங்கள். பழுப்புச் சேறு வர வர விடாமல் கிளறி, ஹெட் பக்கமிருந்து தண்ணீரைப் பாய்ச்சுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்த வேண்டாம். பிறகு மழைத் தண்ணீரோ வடித்த தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள்.
2. ரேடியேற்றர். எஞ்சின் சூடாகும்போது அதன் முகத்தைக் கையால் தடவுங்கள். சில இடங்கள் குளிராக இருந்தால் அங்கே குழல் அடைத்திருக்கிறது.
3. விசிறி முன்பின் மாறியிருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். இரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.
4. டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடேறும், கார் இழுக்கவும் செய்யாது. மைனரில் டைமிங் குறிகள் கப்பிக்கு அடிப்பக்கம் இருப்பதால் பலர் பார்க்காமலே விடுகிறார்கள். கப்பியின் பள்ளத்தில் சோக்கட்டித் துண்டால் வெள்ளை தடவிக்கொண்டு அடியிலிருந்து பாருங்கள்.
5. வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீளமான ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. எஞ்சின் வெளியே இருக்கும்போது அதைப் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் இப்போது அதுதான் கசியும், பம்பைக் கழற்றாமல் மாற்றுவது பெரும்பாடு.
6. ரேடியேற்றரில் குமிழி வந்துகொண்டே இருந்தால், அல்லது தண்ணீர் குறைந்து கசிவும் தெரியாவிட்டால், கம்பிரஷன் பாருங்கள். 2உம் 3உம் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கஸ்கற் அந்த இரண்டுக்கும் இடையில் போய்விட்டது. இந்த எஞ்சினில் அதுதான் வழக்கமாகப் போகும் இடம். புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 40 இறாத்தல்-அடி வரை படிப்படியாக இறுக்குங்கள். ஹெட்டைக் கழற்றியதும் நேர்கோல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் லேத் பட்டறைக்கு.

## ஒயில் கசிகிறது, புகைக்கிறது

தரையில் சில துளி விழுவது இந்த எஞ்சினின் இயல்பு. பின்பக்க மெயின் பெயாரிங்கில் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டும்தான். நிறுத்திய இடமெல்லாம் குளமாகத் தேங்கினால்தான் தேட வேண்டும்.

முதலில் எஞ்சின் மூச்சுக் குழாய். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லாச் சந்திலும் ஒயில் வரும். அடுத்தது ஒயில் பில்டர் கிண்ணத்தின் வளையம். பழையது பள்ளத்துக்குள்ளேயே இருக்க, அதற்கு மேல் புதியதைப் போட்டால் நிச்சயம் கசியும். மூன்றாவது மனிபோல்டுக்குக் கீழே உள்ள பக்க மூடிகள். அங்கிருந்து வழிந்து பின்னால் ஓடி கிளச் உறையிலிருந்து சொட்டும். பார்ப்பவர் பின் பெயாரிங்கில்தான் குறை என்று எஞ்சினை இறக்கிவிடுவார். எல்லாவற்றையும் துடைத்து, கோதுமை மா தூவி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒயில் எங்கே தொடங்குகிறது என்று மா காட்டிக்கொடுக்கும்.

வடக்கிலிருந்து வந்த டோனர் எஞ்சினென்றால் இன்னொன்றும் கவனியுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சினில் ரிங்கும் பெயாரிங்கும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். ஒரு மலிவான ஒயில் பிரஷர் கேஜைப் பூட்டுங்கள், மைனரில் விளக்கு மட்டும்தான் இருக்கிறது. சூடான பிறகு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல், ஐட்லிங்கில் 15 இறாத்தல் அளவில் நிற்க வேண்டும். ஓட்டத்தில் 30ஐத் தாண்டாமல், கீழே தட்டும் சத்தமும் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால், கிராங்கைக் கடைந்து எடுக்க வேண்டிய இடத்தில் கிராங்கே மிஞ்சாது.

## எஞ்சின் கத்துகிறது, கார் ஓடுவதில்லை

எஞ்சினும் பெட்டியும் மாறியிருக்கும், டிபரன்ஷல் பழையதாகவே இருக்கும். அதன் பல் விகிதம் 803க்கு 5.286, 948க்கு 4.555, 1098க்கு 4.22. கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள், ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கில் தூக்கி அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.22. நாலரைக்குச் சற்று மேல் என்றால் 4.555. ஐந்தேகால் தாண்டினால் 803இன் டிபரன்ஷல், 1098ஐ அதோடு ஓட்டினால் எஞ்சின் வீணாகச் சுற்றும்.

4.22 போட்டு, ஸ்பீடோமீற்றர் 948இனுடையதாகவே இருந்தால், அது 50 காட்டும்போது கார் 54இல் போகும். டோனரின் மீற்றரையும் எடுத்துப் பூட்டுங்கள்.

ஊளைச் சத்தம் அக்சிலரேட்டர் மிதிக்கும்போது வந்து, விடும்போது மாறினால் டிபரன்ஷல் பல் தேய்ந்தது. அதற்குள் ஷிம் வைத்துச் சரிக்கட்டும் வேலையை அளவுக் கருவி உள்ளவரிடம் விடுங்கள். இன்னொரு நல்ல டிபரன்ஷல் கிடைத்தால் அதை மாற்றுவது அதைவிட மலிவு.

## பிரேக் மிதி ஆழம் போகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

வேகம் கூடிய எஞ்சினைப் போட்டுவிட்டு 7 அங்குல முன் ட்ரம்மை விட்டுவைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1098இன் 8 அங்குல பிரேக்கையும் எடுங்கள். ட்ரம், பின்தகடு, ஷூ, சிலிண்டர் எல்லாம் முழுச் செட்டாக எடுங்கள்.

மிதி ஆழம் போனால் முதலில் ஷூக்களைச் சரிக்கட்டுங்கள். சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி ஒரு பல் தளர்த்துங்கள். முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு சரிக்கட்டி உண்டு, ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். அதன் பிறகும் ஆழம் போனால் காற்றை எடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். அங்கே ஷூவில் கிரீஸோ ஒயிலோ பட்டிருக்கும், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது வலது இடது பின்தகடுகள் மாறியிருக்கும்.

காற்று இல்லை, கசிவு இல்லை, ஆனால் மிதித்து வைத்திருக்க மிதி மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டுகளை வெளியே இழுக்க முன் டோர்ஷன் பார் வழிவிடாது. அந்தப் பாரில் காரின் முன்பாரம் முழுவதும் முறுகி நிற்கிறது. பழக்கமில்லாதவர் கை வைத்தால் எலும்பு முறியும். கட்டி இழுத்தாவது மைனர் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.